ஏழாவது சோப்பு

எனக்குச் சோப்புக் கிறுக்கு பிடித்துவிட்டது என்று ஊரே பேசியது. அதில் பாதிதான் பொய்.

எங்கள் ஆத்தா, அதாவது எங்கள் அம்மா, யார் வந்தாலும் என் குற்றங்களை அடுக்குவாள். விளக்குக்கு வைத்த இலுப்பெண்ணெய் காணாமல் போகிறதாம். அதனால் பொழுது சாய்வதற்குள் எல்லாரும் சாப்பிட்டு எழ வேண்டியிருக்கிறதாம். வீட்டில் ஒரு தேங்காய்ச் சிரட்டை மிஞ்சுவதில்லையாம். ஒரு கல்யாணப் பந்தியில் குழம்பில் மிதந்த எண்ணெயைப் பார்த்து, "இம்புட்டு எண்ணெய்க்கு மூணு சோப்பு வரும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேனாம்.

பள்ளிக்கூடத்தில் நடந்தது ஆத்தாவுக்குத் தெரியாது. "மதுரையில் ஓடும் ஆறு எது, ஜெயக்கொடி?" என்று வாத்தியார் கேட்டார். நான் எழுந்து நின்று, "இலுப்பெண்ணெய்" என்றேன்.

சிரிக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது.

அது சண்டை நடந்த காலம். எங்கள் ஊர்ச் சண்டை இல்லை, உலகமே போட்ட பெரிய சண்டை. அதனால் உசிலம்பட்டிச் சந்தையில்கூடச் சோப்புக் கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து எனக்குச் சிரங்கு வந்தது. வீட்டிலிருந்த கடைசிச் சோப்பை, அப்போது பெய்த மழைத் தண்ணீரில் தேய்த்துக் குளித்து, ஆஸ்பத்திரி மருந்தைத் தடவி, நான் தேறிவிட்டேன்.

அதற்குள் சிரங்கு மாயக்காளுக்குத் தொற்றிவிட்டது. நாலாம் வகுப்பில் நானும் அவளும் மட்டும்தான் பெண்கள். ஒரே சிலேட்டில் எழுதுவோம். தொற்றாமல் என்ன செய்யும்?

கம்பவுண்டர் அவளுக்கும் மருந்து கொடுத்தார். "மருந்து மட்டும் பத்தாது. தெனமும் சோப்புப் போட்டுக் குளிக்கணும். துணியவும் சோப்புப் போட்டு அலசணும்" என்றார். சோப்புக்கு எங்கே போவது? சிரங்கு ஆறவில்லை. ஆறிய பிறகு வந்தால் போதும் என்று வாத்தியார் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

நான் பார்க்கப் போனபோது மாயக்காள் வாசலில் எட்டியே நின்றாள். "நீ பரீட்ச எழுதி அஞ்சாப்புக்குப் போயிருவ. நான் இங்கனயே கெடப்பேன்" என்றாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சிரங்கு என்னுடையது. கடைசிச் சோப்பைத் தேய்த்ததும் நான். வீட்டில் கிடப்பது மட்டும் அவளா? கடையில் சோப்பு இல்லையென்றால் நானே செய்வேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

செய்முறையை வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டேன். உவர்மண்ணையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்துக்கொள்ள வேண்டும். கையில் பட்டால் எரியும், ஜாக்கிரதை. அதில் எண்ணெய் விட்டுக் கிண்டிக் கிண்டிக் காய்ச்ச வேண்டும். நான் காய்ச்சினேன். சிரட்டையில் ஊற்றி ஆறவைத்தேன். காய்ந்ததும் கிணற்றடிக்கு எடுத்துப்போய்த் தேய்த்துப் பார்த்தேன். நுரைக்குப் பதிலாக வெள்ளையாகத் திரிதிரியாக வந்தது. போய்த் தொலை என்று குப்பைக்குழியில் எறிந்தேன்.

மறுபடி காய்ச்சினேன். மறுபடி திரி. சுண்ணாம்பைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன். ஆறு தடவையும் குப்பைக்குழிதான்.

பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. ஆத்தா எண்ணெய்ச் செம்பை என் முன்னால் டொக்கென்று வைத்தாள். "இதுதான் கடேசி. இதுவும் போச்சுன்னா சவுக்காரப் பேச்சே இந்த வீட்ல எடுக்கக் கூடாது, ஆமா!" ஆத்தாவுக்குச் சோப்பு என்றால் சவுக்காரம்தான்.

ஏழாவது சோப்பு நன்றாக இறுகியது. எலி கடிக்காமல் இருக்க, அடுப்படிப் பலகையில் கருப்பட்டிக்குப் பக்கத்தில் காயவைத்தேன். கருப்பட்டியும் சிரட்டையில் ஊற்றி எடுப்பதுதானே? இரண்டும் ஒரே வட்டம், ஒரே பழுப்பு. எண்ணெய் வாடை வருமே என்கிறீர்களா? எங்கள் வீட்டில் எல்லாவற்றிலும் அந்த வாடைதான். எங்கள் மூக்குகள் பழகிப்போயிருந்தன.

சோப்பு காய்ந்த சமயத்தில் விருமாண்டி மாமா வந்தார். ஆத்தாவின் அண்ணன், பெரிய மீசைக்காரர். அன்றைக்கு அவருக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தது.

"சுக்குக் காப்பி போடு, சீனியம்மா" என்றார். ஆத்தா போட்டாள். கூடத்துக்கு வந்தபோது செம்பு நிறைய நுரை ததும்பியது.

"அடேயப்பா! என்னமா நுரை கட்டியிருக்கு!" என்று மாமா சந்தோஷமாக வாய் நிறைய உறிஞ்சினார்.

அடுத்த நொடி புர்ர்ர் என்று துப்பினார். முற்றத்தில் மேய்ந்த கோழிகள் தெறித்து ஓடின. மாமாவின் மீசை முழுக்க நுரை. நல்லவேளை, ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை.

"அடியே! கருப்பட்டிய எடுத்தேனா, உன் சவுக்காரத்த எடுத்தேனா?" என்று ஆத்தா தலையில் கை வைத்தாள்.

"நுரை! நுரை வந்துருச்சு!" என்று நான் குதித்தேன்.

"இங்க என் வாயி வெந்து கெடக்கு, மருமக ஆடுறதப் பாரு!" என்றார் மாமா.

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. "ஆத்தா, காப்பிக்கு எந்தத் தண்ணி ஊத்துன?"

"இது என்ன கேள்வி? ஊருணித் தண்ணிதான். உப்புக் கிணத்துத் தண்ணியவா குடிப்பாக?"

இரண்டு சட்டி எடுத்தேன். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் ஊருணித் தண்ணீர். இரண்டிலும் மிஞ்சிய சோப்பைத் தேய்த்தேன். கிணற்றுத் தண்ணீரில் அதே பாழாய்ப்போன திரி. ஊருணித் தண்ணீரில் நுரை பொங்கியது!

அப்படியென்றால் நான் எறிந்த ஆறும் நல்ல சோப்புதானா? குப்பைக்குழிக்கு ஓடினேன். தோண்டியதில் மூன்று கிடைத்தன. மாயக்காள் இனி ஊருணித் தண்ணீரில் குளிக்கட்டும் என்றேன்.

ஆத்தா இடுப்பில் கை வைத்தாள். "ஊருணித் தண்ணி குடிக்கத்தான். அதுல குளிச்சா ஊரு என்ன சொல்லும்?"

"ஊருணியில யாரும் எறங்கப் போறதில்ல, ஆத்தா. வீட்டுக்கு எடுக்கிறது போக, தெனமும் ஒரு கொடம் நானே சொமந்துட்டு வாரேன். அத மாயக்கா வீட்ல ஊத்துறேன்."

"அர மைலுடி! உன்னால முடியுமா?"

"முடியும்."

ஆத்தா மாமாவைப் பார்த்தாள். மாமா மீசையைத் துடைத்துக்கொண்டார். "சரின்னு சொல்லு, சீனியம்மா. நான் குடிச்ச குடிக்கு அந்தப் புள்ளையாவது குளிக்கட்டும்."

தினமும் விடிந்ததும் குடத்தைத் தூக்கினேன். இடுப்பு வலித்தது. ஆனாலும் ஒரு நாளும் விடவில்லை. பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது மாயக்காள் பள்ளிக்கூடம் வந்தாள். வாத்தியார் அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போய் உக்காரு" என்றார்.

அவள் வந்து என்னை ஒட்டி உட்கார்ந்தாள். இலுப்பெண்ணெய் வாடை தாங்காமல் வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொண்டது. எனக்கு அது மல்லிகைப்பூ மாதிரி மணந்தது.

"ஏடி, சோப்பு நல்ல சோப்புன்னு எப்பிடிக் கண்டுபிடிச்ச?" என்று அவள் காதோரம் கேட்டாள்.

நான் சிலேட்டை இருவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தேன்.

"எங்க மாமா குடிச்சுப் பாத்துச் சொன்னாருடி."