காலடியை விடாத நாய்

"ஏட்டையா, நான் தச்ச வார் ஒரு ஆளைக் கொன்னுடுச்சுன்னு சொல்றாங்க."

செருப்புக் கடைக்காரர் வாசலில் நின்றபடியே சொன்னார். ஓய்வு பெற்ற ஏட்டு செய்தித்தாளை மடிக்கவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் அவருக்கு முதலில் சந்தேகம்தான் வரும். ஸ்டேஷனில் எத்தனையோ பேர் அழுது பார்த்தவர். அதில் பாதி நடிப்பு.

"கொன்னுச்சா இல்லையா?"

"சத்தியமா இல்லைங்க."

"சத்தியத்தை ஓரமா வை. நடந்ததைச் சொல்லு."

நடந்தது இதுதான். தெருக்கோடி மரப்பட்டறையை அண்ணன் தம்பி இருவர் நடத்தினார்கள். இருவருக்கும் கால் ஒரே அளவு. ஒரே தோலில் ஆளுக்கொரு ஜோடி செருப்பு தைத்து வாங்கியிருந்தார்கள். போன வாரம் அண்ணன் பட்டறை மாடிப்படியிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு இறந்துபோனார். படியில் வார் அறுந்த செருப்பு கிடந்தது என்று தம்பி சொன்னான். அந்த ஜோடியை வாசலில் ஆணியடித்து மாட்டி, போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறான். அன்றிலிருந்து கடைப்பக்கம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. நாளைக்கு இறந்தவரின் மனைவி போலீசில் புகார் கொடுக்கப் போகிறாள்.

"கிளம்பலாம் மாமா!" ஏட்டின் மாப்பிள்ளை அதற்குள் சட்டையை மாட்டிவிட்டான். இந்த மாதிரி விவகாரம் வந்தால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். "தம்பிதான் தள்ளிவிட்டிருப்பான். சொத்து விவகாரம்!"

"வாயை மூடிக்கிட்டு வாங்க மாப்பிள்ளை. இந்த ஆளு தச்ச லட்சணத்தையே நான் இன்னும் பார்க்கலை."

கடைக்காரர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் பின்னாலேயே வந்தார்.

பட்டறை வாசலில் தம்பி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவன் காலைக் கட்டிக்கொண்டு ஒரு செம்பட்டை நாய் படுத்திருந்தது. உள்ளே பாதி செய்த கட்டிலின் சட்டத்தில் இறந்தவரின் மனைவி, அவனுடைய அண்ணி, உட்கார்ந்திருந்தாள். அவள் செருப்பின் அறுந்த வாரில் ஊக்கு குத்தியிருந்தது.

"கொலைகாரனை எதுக்கு இங்கே கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள்.

"யாருன்னு தெரிஞ்சதும் நானே சொல்றேம்மா" என்றார் ஏட்டு. பிறகு நாயைப் பார்த்தார். "யார் நாய் இது?"

"அண்ணன் வளர்த்தது. உயிரோட இருந்தப்ப என்னை ஏறெடுத்துப் பார்க்காது. இப்போ என் காலடியை விட்டு நகர மாட்டேங்குது" என்றான் தம்பி. குரலில் ஒரு பெருமை இருந்தது. "வாயில்லாத ஜீவனுக்குக்கூட நல்லவன் யாருன்னு தெரியுது பாருங்க."

சொல்லிவிட்டு எழுந்து, ஆணியில் தொங்கிய செருப்பைக் காட்டப் போனான். நாயும் கூடவே போனது. அவன் செருப்பை எடுத்து ஏட்டிடம் நீட்டியபோது அது நாயின் மூக்கை உரசியது. நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவன் பாதத்தில் தாடையை வைத்தது.

"படியைப் பார்க்கணும்" என்றார் ஏட்டு.

தம்பி முன்னால் நடந்தான். படியருகே வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். பின்னால் ஏறப்போன மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்து, "கழட்டுங்க, கழட்டுங்க! மேலே வார்னிஷ் அடிக்கிறோம். தூசி பட்டா அண்ணன் மரத்தோட சேர்த்து நம்மளையும் இழைச்சிடுவாரு" என்றான். அப்புறம் அண்ணன் இல்லை என்பது நினைவுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டான்.

ஏட்டு ஏறவில்லை. படியின் கைப்பிடிக் கட்டையைத் தடவிப் பார்த்தார். படிப்பலகைகளில் திருகாணியெல்லாம் துருவேறிக் கிடந்தது. கைப்பிடியில் மட்டும் புதுசாக மின்னியது.

நாய் படியேறவில்லை. கழற்றிப் போட்ட செருப்பின் மேல் படுத்துவிட்டது.

"இறங்கி வாப்பா" என்றார் ஏட்டு. "இந்த நாயைக் கூப்பிடு."

தம்பி வெறுங்காலோடு தரையில் நின்று நாக்கைச் சொடுக்கினான். நாய் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. ஏட்டு குனிந்து, அதன் அடியிலிருந்து செருப்பை மெல்ல உருவி, எதிர் மூலைக்கு எடுத்துப் போனார். நாய் எழுந்து அவர் பின்னாலேயே போய்ப் படுத்தது.

"ஐயோ, உங்களையும் நல்லவர்னு நினைச்சிடுச்சு மாமா!" என்றான் மாப்பிள்ளை.

"அது யாரையும் நினைக்கலை. அதோட எஜமான் கால் வாசனை இதுல இருக்கு, அவ்வளவுதான்." ஏட்டு அண்ணியிடம் திரும்பினார். "இதும்மா உங்க வீட்டுக்காரர் செருப்பு. ஆணியில தொங்குறது உங்க கொழுந்தனோடது. மூக்குல இடிச்சும் நாய் அதை மோந்து பார்க்கலை, பார்த்தீங்களா?"

"அப்போ படியில கிடந்தது?"

"செருப்புப் போட்டுக்கிட்டு இந்தப் படியில யாராவது ஏறி நீங்க பார்த்திருக்கீங்களா?"

"இல்லையே" என்று அவள் எழுந்து நின்றாள்.

"அவரும் வெறுங்காலோடதான் ஏறினாரு. செருப்பு கீழேயே கிடந்திருக்கு. இவன் தன் செருப்பு வாரை அறுத்துப் படியில போட்டுட்டு, உங்க வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கிட்டான். வெறுங்காலோட நின்னா, உன் செருப்பு எங்கேன்னு கேப்பாங்க இல்லையா? இப்போ சொல்லுப்பா. கைப்பிடியை எப்போ மாட்டினே?"

தம்பி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"பீரோவை இறக்கக் கழட்டினேன். சாப்பிட்டுட்டு வந்து மாட்டலாம்னு விட்டேன் அண்ணி. வந்து பார்த்தா அண்ணன் கீழே கிடக்கிறாரு. மூச்சு இல்லை. நான் தள்ளலை அண்ணி... பிடிக்கலாம்னு கை வச்சிருப்பாரு. அங்கே கட்டை இல்லை."

"அதைச் சொல்லியிருந்தா அழுதுட்டு விட்டிருப்பேனேடா" என்றாள் அவள். "இன்னொருத்தன் பொழைப்புல மண்ணள்ளிப் போட்டியே!"

"எந்திரி" என்றார் ஏட்டு. "மிச்சத்தை ஸ்டேஷன்ல சொல்லு."

அண்ணி ஊக்கு குத்திய செருப்பைக் கழற்றி, கடைக்காரர் பக்கம் நகர்த்தினாள். மன்னிப்புக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை; ஊக்கை உருவிப் பையில் போட்டுக்கொண்டு வாரை இழுத்துப் பார்த்தார்.

"சாயங்காலம் வாங்கிக்கங்கம்மா."

தம்பி வெறுங்காலோடு தெருவில் இறங்கி நடந்தான். நாய் மூலையில் அந்தச் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.