வெறும் அறையின் மூச்சு

குமாசி நகரில் ஒரு மருத்துவமனையின் பழைய கட்டடத்துக்கு நர்ஸ் செர்வா வந்தபோது காலை ஏழு மணி. வயிற்றுவலி, மஞ்சள் கண் என்று வருகிறவர்களைப் பையில் ஊதவைத்து, கணையப் புற்றுநோயை மூச்சிலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று அங்கே ஆய்வு நடந்தது. முடிவை நோயாளியிடம் சொல்லக்கூடாது என்பது விதி. கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தினமும் முதல் வேலையாக வெறும் அறைக் காற்றைப் பம்பால் ஒரு பையில் பிடித்துக் கருவிக்குக் கொடுக்க வேண்டும். அன்று பம்ப் மக்கர் செய்தது. காற்றுதானே, எதுவானால் என்ன என்று அவளே ஊதிக் கொடுத்துவிட்டாள்.

கருவியை இயக்கும் போவாடி சிரித்துக்கொண்டே வந்தான்.

"சிஸ்டர், வெறும் ரூமுக்கு நோய் இருக்குன்னு காட்டுது! இங்க உக்காந்து ஊதிட்டு சனிக்கிழமை செத்த அம்போஃபோ பெரியவர் இன்னும் நாற்காலிய விட்டு எந்திரிக்கல போல!"

இரண்டு மாதமாகச் செர்வாவுக்கும் முதுகுவலி, உடம்பு இளைத்துச் சீருடை தொளதொளத்துவிட்டது; இரண்டும் அந்த நோயின் அறிகுறிகள். வீட்டில் இன்னும் பால் மறக்காத பிள்ளை. ஊதியது தான்தான் என்பதை மறைத்துவிட்டாள். கிழவரின் மூச்சு என் பையில் கலந்திருக்கட்டும், கடவுளே!

அம்போஃபோ இதே அறையின் நாற்காலியில் உட்கார்ந்து ஊதிய அன்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சியவர். "இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லும்மா." விதியைச் சொல்லி அவள் கையை உதறிக்கொண்டாள்.

இப்போது, போவாடி போனதும், காலிப் பையை அவருடைய நாற்காலியில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"ஐயா... நீங்கதானே? ஊதிக் காட்டுங்கய்யா. உங்க கால்ல விழறேன்."

மின்விசிறி நின்றது.

அவர் பாக்குப் போல ஓயாமல் மெல்லும் கோலாக்கொட்டையின் வாடை வந்தது.

பை மெல்ல உப்பியது.

தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. பயத்தையும் மீறி அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. தப்பித்தேன், தப்பித்தேன் என்று அழுதுகொண்டே போவாடியிடம் ஓடினாள்.

கருவி முடிக்கும்வரை அவள் உட்காரவே இல்லை.

"மனுஷ மூச்சுதான் சிஸ்டர். ஆனா துளி நோய் இல்ல, சுத்தம். யாரு இந்தப் புண்ணியவான்?"

அம்போஃபோவின் உடம்பு பிணவறையில் சவ அடக்க நாளுக்காகக் காத்துக் கிடந்தது. நோயும் அதோடு அங்கேதான் கிடந்தது. அப்படியானால் காலையில் கருவி கண்டது அவளுடையதை மட்டுமே.

செர்வாவின் காதோரம் கோலாக்கொட்டை வாடை வீசியது.

"நான் சொல்லிட்டேம்மா."