எதிர்க்கட்டிலின் மூச்சு

எதிர்க்கட்டிலில் எவரும் இல்லை. ஆயினும் அங்கிருந்து மூச்சு வந்தது.

கியால்ஜென் செவிகொடுத்தான். பிற்பகல்தான், எனினும் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிய மூடுபனி சன்னலை வெண்மையாய் அடைத்துவிட, பலகைச் சுவரின் பிசின் மணமும், கீழ்க்கூடத்துக் கணப்பில் எரியும் யாக் எருவின் புகையும், தொடாது ஆறவிட்ட வெண்ணெய்த் தேநீரின் உப்புவாடையும் கலந்து அவன் தலைக்குள் சம்மட்டியாய் இறங்கின. இம்ஜா ஆற்றின் இரைச்சலையும் மீறி அம்மூச்சு: ஈரமாய், குமிழியிட்டு, நின்று, நெடுநேரம் நின்று, மீண்டும்.

சுமையாள் எவனேனும் வந்து படுத்திருப்பான் என்று எண்ணினான். ஆனால் அக்கட்டிலின் போர்வை தட்டையாய்க் கிடந்தது.

உயர ஏறித் தாழ இறங்கி உறங்குக, உடல் மெல்லப் பழகட்டும் என்பதே மலையின் நெறி. வெளிநாட்டார் இருவரும் அந்நெறிப்படி உதவியாளனோடு முகட்டுக்குப் போயிருந்தனர். அவர்களின் வழிகாட்டி நோயுற்றதால் அழைக்கப்பட்டவன் கியால்ஜென். காட்மாண்டுவில் பல்லாண்டு டாக்ஸி ஓட்டியவன், லுக்லாவிலிருந்து எங்கும் தங்கிப் பழகாமல் இந்த டிங்போச்சே மலைவிடுதிக்கு ஒரே மூச்சில் ஏறிவந்திருந்தான். பழகுவதெல்லாம் வெள்ளையருக்கு, ஷெர்பாவின் குருதிக்கு எதற்கு?

மனைவியின் அண்ணன் ஆங் கெலு, குதிரைக்காரன், கதவைத் தள்ளி எட்டிப்பார்த்தான்.

"என்ன மாப்ள, டாக்ஸி நின்னுபோச்சா? மொகம் வீங்கி, ஒதடெல்லாம் நீலம் பூத்துக் கெடக்கு."

"ராத்திரி சாங் கொஞ்சம் ஜாஸ்தியா குடிச்சுட்டேன் மச்சான்."

"யாருகிட்ட கத வுடற? குதிர காலியாத்தான் பாங்போச்சேக்கு எறங்குது. ஏறிக்க. இங்கயே கெடந்தா செத்துருவ."

"ஷெர்பாவ மூட்ட மாதிரி கட்டி எறக்குனா ஊரே சிரிக்கும். வெள்ளக்காரன் காதுல விழுந்தா என் பொழப்பு போச்சு. ஆள விடு."

"ஒன் வீறாப்புல தீய வைக்க! சேணம் கட்டுறவரைக்கும் யோசி. என் தங்கச்சிக்கு நாந்தான் பதில் சொல்லணும்."

படிகளில் காலடி இறங்கியது. மூச்சு மீண்டும் வந்தது. இப்போது அருகில்.

கியால்ஜென் செபமாலையைப் பற்றினான். அவலோகிதரின் ஆறெழுத்து மந்திரத்தை உதடு தொடங்கியது. மூன்றாம் எழுத்தில் மூச்சு அறுந்தது.

மீதி மூன்றை எதிர்க்கட்டில் சொல்லி முடித்தது.

போர்வை உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது.

அவமானம் என்ற சொல்லே அவனுக்கு மறந்துபோயிற்று. இறங்கிவிட வேண்டும். குதிரையோ, கயிறோ, யார் முதுகோ. காலை அசைத்தான். அசையவில்லை.

"மாப்ள!" கீழ்ப்படியிலிருந்து கெலுவின் குரல். "கடசியா கேக்கறேன். வர்றியா, இல்லியா?"

வர்றேன். சொல் தொண்டைவரை வந்தது. வாயில் நுரை மட்டும். இளஞ்சிவப்பு நுரை.

எதிர்க்கட்டில் பேசியது. அவன் குரலில். அவனுக்கே உரிய ஏளனத்தில்.

"நல்லா தூங்கி எந்திரிச்சுட்டேன் மச்சான். தலவலி போன எடம் தெரியல. நீ கெளம்பு."

"அப்பாடா! இத மொதல்லயே சொல்றதுக்கென்ன, கழுத!"

குதிரைமணி பனிக்குள் இறங்கியது. மெலிந்தது. இல்லையாயிற்று.

போர்வை விலகியது. இவன் பக்கம் திரும்பிய முகம், இவன் முகம். வீக்கமில்லை. உதட்டில் நீலமில்லை. அது ஆழமாய், இனிதாய் மூச்சை இழுத்தது.

இழுக்குந்தோறும் கியால்ஜெனின் மார்பு தாழ்ந்தது.