காது மடித்த சீட்டு

"ஐயோ... ரத்தம்...!"

மாதிரி ஃப்ளாட்டின் படுக்கையறையிலிருந்து அலறிக்கொண்டே ஓடி வந்தாள், வீடு பார்க்க வந்த ஒரு புதுமணப்பெண்.

வீட்டுக் கண்காட்சி அரங்கமே ஸ்தம்பித்தது. மணி மூன்று பத்து.

வாசல் மேஜையில் உட்கார்ந்திருந்த லோன் அக்கா பேனாவைப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தாள். அந்த ஸ்டாலில் வீட்டுக் கடன் பிடித்துக் கொடுப்பது அவள். ஃப்ளாட் விற்பது அவள் தம்பி.

கட்டிலில் குப்புறக் கிடந்தான் எதிர் ஸ்டால் ஏஜென்ட். எந்நேரமும் இளித்துக்கொண்டே இருப்பதால் எல்லோரும் அவனைக் கூப்பிடுவது 'சிரிப்பு' என்றுதான்.

இப்போது அவன் சிரிக்கவில்லை... மூச்சும் விடவில்லை!

பக்கத்தில் ரத்தத்தோடு ஒரு பித்தளைச் சாவி. ஃப்ளாட் புக் செய்கிறவர்கள் கையில் கொடுத்து போட்டோ எடுக்கிற, முழங்கை நீள டம்மிச் சாவி. அதைத் தினமும் நூறு தடவை தூக்குகிறவன் ஒருவன்தான்.

அவள் தம்பி.

காலையிலிருந்து அரங்கில் பந்தோபஸ்தில் இருந்த இன்ஸ்பெக்டர் ஐந்தே நிமிடத்தில் வந்துவிட்டார்.

"காலையில உன் தம்பிக்கும் இவனுக்கும் சண்டையாமே?"

"ஆமா சார். எங்க ஃப்ளாட்டுக்குள்ள புகுந்து எங்க கஸ்டமரையே இழுத்துட்டுப் போவான். யாருக்குத்தான் கோவம் வராது?"

"'இன்னொரு தடவை உள்ள வந்தா மண்டைய உடைப்பேன்'னு உன் தம்பி கத்தினதை நாலு ஸ்டால்காரங்க கேட்டிருக்காங்க. சொன்னபடியே உடைச்சிட்டான்!"

"அக்கா... நான் டாய்லெட்டுக்குப் போயிருந்தேன்க்கா... சத்தியமா நான் இல்லக்கா!" தம்பி அழுதே விட்டான்.

அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு மிச்சம் இருக்கிற ஒரே உறவு. அவனைக் கொலைகாரன் என்கிறார்கள்!

"மாமா...!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான் ஒருவன். சிரிப்பின் மனைவிக்குத் தம்பி. வந்த வேகத்தில் லோன் அக்காவின் தம்பி சட்டையைப் பிடித்தான்.

"பாவி! எங்கக்கா தாலிய அறுத்துட்டியேடா! சார், இவனை இழுத்துட்டுப் போங்க சார்!"

"வீட்டுக்குத் தகவல் சொல்லிப் பத்து நிமிஷம்கூட ஆகலை. அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அக்கா ஃபோன் பண்ணினப்போ பக்கத்துத் தெருவுலதான் சார் இருந்தேன். இந்த அரங்கத்துக்குள்ள இப்பதான் முதல் தடவையா கால் வெக்கிறேன்... அதுவும் இப்படியா!"

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார்.

"சார்! ஒரே ஒரு நிமிஷம்!"

லோன் அக்கா வாசலுக்கு ஓடினாள். மேஜைமேல் இருந்த கண்ணாடி ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா இது?"

"குலுக்கல் சீட்டு சார். பேரும் ஃபோன் நம்பரும் எழுதிப் போட்டாத்தான் ஃப்ளாட்டுக்குள்ள விடுவேன். ரெண்டே முக்காலுக்கு இந்த சிரிப்பு நைஸா உள்ள நுழைஞ்சான். சண்டை வேணாம்னு விட்டுட்டேன். அதுக்கப்புறம் பன்னெண்டு பேர் போனாங்க. வழி ஒண்ணுதான். வழியில நான் உட்கார்ந்திருக்கேன். என் தம்பி அந்தப் பக்கமே வரலை!"

"அக்கா சாட்சி சொன்னா கோர்ட்டு சிரிக்கும். சரி, அந்தப் பன்னெண்டு பேர் மூஞ்சி ஞாபகம் இருக்கா?"

"மூஞ்சியப் பார்க்கிறதே இல்ல சார். பேனாவைத்தான் பார்ப்பேன்."

"ஏன்? பேனா அவ்வளவு லட்சணமா?"

"குலுக்கல்ல ஃப்ரிட்ஜ் வேணும். ஆனா லோன்காரி ஃபோன் பண்ணக் கூடாது. அப்ப என்ன சார் பண்ணுவாங்க? சொந்த நம்பரைத்தான் எழுத ஆரம்பிப்பாங்க, கைக்குப் பழகினது அதுதானே! கடைசி எண் வந்ததும் கை ஒரு நொடி நிக்கும். ஒண்ணைக் கூட்டியோ குறைச்சோ எழுதிடுவாங்க. கை நின்னா நான் சீட்டோட மூலையைக் காது மாதிரி மடிச்சிடுவேன். மறுநாள் ஒண்ணு கூட்டி, ஒண்ணு குறைச்சுக் கூப்பிட்டா ஆள் மாட்டிக்கும். போன வருஷம் அப்படியே ஆறு வீட்டுக்கு லோன் முடிச்சேன்!"

இன்ஸ்பெக்டர் ஏனோ லேசாக இருமினார்.

லோன் அக்கா மேலாக இருந்த பன்னிரண்டு சீட்டுகளையும் விரித்தாள். ஒன்றே ஒன்றில்தான் காது மடிந்திருந்தது. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கிறுக்கல். நம்பரின் கடைசி எண் ஆறு.

"ஃப்ளாட் பார்க்க வந்தவனா, கொலை பண்ண வந்தவனான்னு கேட்டுடலாம் சார்!"

ஆறை ஐந்தாக்கித் தன் ஃபோனில் அழுத்தினாள். வழக்கம்போல 'லோன் விஷயமா...' என்று ஆரம்பித்ததுமே ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல்.

"யாரு? லோனா? வேண்டாம், வைம்மா!"

கட்.

"ஆச்சா? போதுமா?" இன்ஸ்பெக்டர் பொறுமை இழந்தார். தம்பியின் கையில் விலங்கு ஏறியது.

"இன்னொண்ணு சார்!"

ஆறை ஏழாக்கினாள்.

ஒரு விநாடி... இரண்டு விநாடி...

கெக்கே பெக்கே என்று ஒரு குழந்தை சிரித்தது!

பிணம் கிடக்கிற அறையில் குழந்தையா? எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

சிரித்தது மைத்துனனின் சட்டைப் பை!

அவன் அவசரமாகப் பைக்குள் கையை விட்டு ரிங்டோனின் வாயை அடைத்தான். முகம் வெளுத்துவிட்டது.

"முதல் தடவையா கால் வெக்கிறதா சொன்னீங்களே?" என்றாள் லோன் அக்கா.

"யா... யாரோ என் நம்பரை எழுதிப் போட்டிருக்காங்க!"

"மாட்டிவிட நினைக்கிறவன் நம்பரைச் சரியாத்தானே எழுதுவான்? கடைசி எண்ணை மாத்த வேண்டிய அவசியம் சொந்தக்காரனுக்குத்தான் இருக்கு!"

இன்ஸ்பெக்டர் பேனாவை நீட்டினார். "இந்தாங்க. அதே நம்பரை இந்தப் பேப்பர்ல எழுதுங்க. எழுத்து ஒத்துப் போகுதான்னு பார்த்துடுவோம்."

அவன் பேனாவை வாங்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எங்கக்கா கையெழுத்தை இவனே போட்டு வீட்டை அடமானம் வெச்சுட்டான் சார்! நாளைக்கு வீட்டுக்குப் பூட்டு போட வர்றாங்க. ரெண்டு குழந்தையோட அவ எங்க போவா? தேடி வந்து கேட்டேன். சிரிச்சான் சார்... என் மூஞ்சியப் பார்த்துச் சிரிச்சான்! கர்சீஃபைச் சுத்திக் கையில கிடைச்ச சாவிய..."

லோன் அக்காவுக்கு அவன்மேல் பாவமாக இருந்தது. கோபம் அதைவிட அதிகமாக இருந்தது.

"உங்கக்காவுக்காகப் பண்ணினே. சரி. அதுக்கு என் தம்பிய ஏன்யா காவு கொடுக்கப் பார்த்தே? எனக்கு மட்டும் யார் இருக்கா?"

விலங்கு கை மாறியது. தம்பி ஓடி வந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "எருமை, டாய்லெட்டுக்குப் போனா சொல்லிட்டுப் போக மாட்டே?" என்று அவன் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டு, அவளும் அழுதாள்.

"பிரமாதம்மா!" இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்தார். "கை நின்னதை வெச்சே கொலைகாரனைப் பிடிச்சிட்டியே! போலீஸ்ல சேர்ந்துடு. உன்ன மாதிரி ஆளுங்களுக்கு அங்க வேலை இருக்கு."

லோன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜாடியின் அடியிலிருந்து ஒரு சீட்டை உருவினாள். அதற்கும் காது மடிந்திருந்தது.

"அது இருக்கட்டும் சார். ஃப்ரிட்ஜுக்காகக் காலையில நீங்க போட்ட சீட்டு இது... கடைசி எண் நாலுன்னு இருக்கு. நிஜத்துல மூணா, அஞ்சா?"