ஊர் நினைத்த படம்

மனத்தொகுப்பி எந்திரம் வர இன்னும் ஐந்து நாள் இருந்தது. அதற்குள்ளாகவே வேதாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"ஆளுக்கு ஒண்ணு நினைப்பாங்களே மேடம், எந்திரம் எதைத்தான் வரையும்?" என்று அவர் நகரக் கலைத்துறை அதிகாரி யாஸ்மினிடம் கேட்டுவைத்தார். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"கோபுரம், சிலுவை, கட்சிக்கொடி எல்லாம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிடும் சார். எல்லார் மனசுலயும் பொதுவா எது மிஞ்சுதோ, அதான் சுவர்ல வரும்," என்று யாஸ்மின் சிரித்தாள்.

முன்பெல்லாம் குடியிருப்புச் சுவர்களில் துறையே படம் தீட்டிவிட்டுப் போகும். மறுவாரமே மக்கள் அதில் தார் அடிப்பார்கள். பிறகு கருத்துக்கேட்புக் கூட்டம் வந்தது. அதில் பெரிய தொண்டைக்காரன் கேட்டதுதான் சுவரில் ஏறியது. அதனால்தான் இந்த எந்திரம். இருபது இருபது பேராகத் தலையில் பட்டையைக் கட்டிக்கொண்டு மூன்று நிமிடம் சுவரைப் பார்த்து நின்றால் போதும். அத்தனை பேர் எண்ணத்தையும் எந்திரம் தொகுத்துக்கொள்ளும், உள்ளங்கை அளவு குட்டி எந்திரங்களான வண்ணத்தும்பிகள் பறந்து பறந்து தீட்டும். வந்த படத்தைப் பத்து வருடத்துக்கு யாரும் அழிக்க முடியாது. மக்கள் விருப்பம் அல்லவா!

நெல்மண்டிக் குடியிருப்பின் சங்கத் தலைவர் வேதாசலம். நானூறு வீட்டு மனசிலும் பொதுவாக எது கிடக்கிறது என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

ஐந்து வருடத்துக்கு முன் ஓர் ஆடி மாதம். மறுநாள் கூழ் வார்க்க வேண்டும், கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டு வளாகமே நாறியது. தூர்வாரும் எந்திரம் பழுதாகிக் கிடந்தது. தொட்டிக்குள் மனிதனை இறக்கக்கூடாது என்று சட்டம் இருந்தும், வேதாசலம் மூன்றாம் மாடி தேசிங்கைக் கூப்பிட்டு இறக்கினார். பால்கனிகளில் நின்று எல்லோரும் பார்த்தார்கள். தேசிங்கு மேலே வரவில்லை. போலீஸ் வந்து கேட்டபோது நானூறு வீடும் ஒரே பதிலைச் சொன்னது: "அவரா தவறி வுழுந்துட்டாரு சார்." மனைவி அமுலு கோர்ட்டுக்குப் போனாள். சாட்சி சொல்ல ஒருவர்கூட இல்லாமல் வழக்கு நிற்கவில்லை. இன்றைக்கும் ஒரு வாய் திறந்தால் போதும், வேதாசலம் சிறைக்குப் போகவேண்டியதுதான்.

தேர்தலுக்கு ஓட்டுக் கேட்பதுபோல வீடு வீடாக ஏறி இறங்கினார். அமுலு வீட்டை மட்டும் தாண்டிப் போனார்.

"படகு நினைங்க. கோயில் நினைங்க. இன்னா வேணா நினைங்க. அந்தத் தொட்டிய மட்டும் நினைக்காதீங்க, ஆமா."

"எந்தத் தொட்டி சார்?" என்று கேட்டான் ஆறாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவன்.

வேதாசலம் படியிறங்கினார். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுக்காரி அவனுக்கு ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை எதை நினைக்கக்கூடாது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? இப்படி, தெரியாதவர்களுக்கும் தெரிந்தது, மறந்தவர்களுக்கும் ஞாபகம் வந்தது. அந்த மனுஷனின் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வரிசை நின்றது. வழக்கமாக ரேஷன் வரிசையில்கூடச் சளசளவென்று பேசுகிறவர்கள் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. வேதாசலமும் பட்டையைக் கட்டிக்கொண்டார். படகு, படகு என்று மனசுக்குள் சொன்னார். படகுக்குக் கீழே தண்ணீர் வந்தது. தண்ணீர் கறுப்பாக இருந்தது.

மூன்று மணிக்கு வண்ணத்தும்பிகள் கிளம்பின. முதலில் ஒரு வட்டம் வந்தது.

"நிலாவா?"

"சூரியன்பா."

வட்டத்துக்குள் இருட்டு நிறைந்தது. இருட்டிலிருந்து இரண்டு கைகள் மேலே நீண்டன. பிறகு, அண்ணாந்து பார்க்கும் ஒரு முகம். மூன்று மாடி உயரத்துக்குத் தேசிங்கு! வாய் திறந்திருந்தது. சுற்றிலும் பால்கனிகள், அவற்றில் நூற்றுக்கணக்கான ஆட்கள்.

வேதாசலம் தன் முகத்தைத் தேடினார். தொட்டி ஓரத்தில் ஒருவன் நின்றான். அவனுக்கு முகம் இல்லை. பால்கனியில் நின்றவர்களுக்கும் இல்லை. அவர் முகத்தை நினைக்க எல்லோரும் பயந்திருக்கிறார்கள், அவரவர் முகத்தை அவரவர் நினைக்கவே மறுத்திருக்கிறார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அமுலு வந்தாள். சுவரை ஒரே ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"நான் மல்லிப்பந்தல் நெனச்சேன், வேதாசலம் அண்ணே. என் ஜன்னலுக்கு நேரா இருக்குதே, காலையில எழுந்தா பாக்க நல்லாருக்கும்னு நெனச்சேன். நீங்க அத்தினி பேரும் சேந்து இத்தக் குடுத்துட்டீங்க." அவள் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "கோர்ட்ல சொல்லாதத சொவுத்துல சொல்லிட்டீங்க. இப்போ வாயத் தொறந்து யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க. எனக்கு அது போதும்."

ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மற்றவர்கள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அமுலு அங்கே நின்றிருந்த அதிகாரி யாஸ்மினின் கையைப் பிடித்தாள். "இத்தக் காட்டி மறுபடி கேஸ் போடலாமாம்மா?"

யாஸ்மினுக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. "முடியாதும்மா. சட்டப்படி இது ஓவியம். சாட்சியா எடுத்துக்க மாட்டாங்க."

"அப்போ அழிச்சுடுங்க."

"அதுவும் முடியாதும்மா. இது மக்களோட விருப்பம்."

கேட்டுக்கொண்டிருந்த வேதாசலம் அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

படத்தின் புகழ் பரவியது. மனத்தொகுப்பி தீட்டியவற்றிலேயே மிகவும் நேர்மையான ஓவியம் என்று எழுதினார்கள். வெளியூர்களிலிருந்து பேருந்து பேருந்தாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். படத்துக்கு முன்னால் நின்று விளக்கம் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. சங்கத் தலைவரே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

"இது எங்க ஜனங்களோட மனசாட்சிங்க," என்பார் ஒலிபெருக்கியில். சொல்லும்போது அவருக்கு நிஜமாகவே கண் கலங்கும். குடியிருப்புக்காரர்கள் பெருமையோடு பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

மே மாத வெயிலில் ஒருநாள் வந்திருந்த ஒருவர் எதிர்க் கட்டடத்தைக் கவனித்தார். "இந்த வேக்காட்டுல எல்லா ஜன்னலும் திறந்திருக்கு, மூணாம் மாடியில அது ஒண்ணு மட்டும் ஏன் சார் மூடியே கிடக்கு?"

"அதுவா? அது ஆளில்லாத வீடு சார்," என்றார் வேதாசலம்.

அருகில் நின்ற ஆறேழு குடித்தனக்காரர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மூடிய ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்த அமுலுவுக்கு ஒலிபெருக்கியில் அது தெளிவாகக் கேட்டது.