எடுத்தவர் வரட்டும்

ஹார்லனின் படங்களில் அவருடைய கட்டைவிரல் இல்லை. வெர்னாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான். இத்தனை வருடங்களில் அவர் இந்த மருந்துக்கடையில் அவள் பிரிண்ட் போட்டுக் கொடுக்கும் போட்டோ கவுண்டருக்குக் கொண்டுவந்த ஒவ்வொரு படத்திலும், ஏரியானாலும் சரி, செத்துப்போன மனைவியானாலும் சரி, ஒரு மூலையில் அந்தக் கட்டைவிரல் வேகவைத்த உருளைக்கிழங்கு போலத் துருத்திக்கொண்டு நிற்கும். இன்று திரையில் இருந்தவையோ வேறு ஜாதி. இடப்பக்கமிருந்து மெத்தென்ற வெளிச்சம். பின்னால் சுவர் பதமாக மங்கியிருந்தது. தூங்கும் ஹார்லனின் முகம் மட்டும் தாடியின் ஒவ்வொரு நரையும் தெரியும்படி அத்தனை கூர்மை.

"இதை நான் பிரிண்ட் போட முடியாது" என்றாள்.

இதைச் சொல்வதில் வெர்னாவுக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு. ஸ்டுடியோக்காரர் எடுத்த படம் அவருக்கே சொந்தம். அவர் சம்மதமில்லாமல் அச்சடித்தால் வழக்கு கடையின் தலையில் விடியும். எது ஸ்டுடியோப் படம் என்று எப்படித் தெரியும்? பார்க்க நன்றாயிருந்தால் ஸ்டுடியோப் படம். அவ்வளவுதான் விதி, தீர்ப்பு சொல்வது வெர்னா. 'சத்தியமாக நானே எடுத்தேன்' என்று மணப்பெண்கள் இதே கவுண்டரில் மூக்கைச் சிந்தியிருக்கிறார்கள். இந்த மூஞ்சிகளுக்கு இவ்வளவு நல்ல படம் எடுக்கத் தெரியுமாக்கும் என்று அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள்.

ஹார்லன் குரலைத் தாழ்த்தினார். "யாரு எடுத்தாங்கன்னே எனக்குத் தெரியாது, வெர்னா. நான் தனியா இருக்கேன், கதவைப் பூட்டிட்டுத்தான் படுக்கிறேன். காலைல கேமராவைப் பாத்தா இது இருக்கு. ஷெரிஃப் ஆபீஸ்ல அந்தக் குட்டித் திரையைப் பாத்துட்டுச் சிரிக்கிறாங்க. பெருசா ஒண்ணு போட்டுக் குடும்மா. பீரோக் கண்ணாடில என்னமோ நிக்குது, அது தெரியணும். இல்லேன்னா இன்னிக்கும் நான் அந்த வீட்லதான் படுக்கணும்."

"ஸ்டுடியோவுக்குப் போய் அழகா ஒரு படம் எடுத்துக்க ஆசைப்பட்டீங்க, தப்பில்ல. அதுக்கு எதுக்கு ஹார்லன் பேய்க்கதை?"

"வெர்னா..."

"எடுத்தவர் வரட்டும். இந்தக் கவுண்டருக்கு நேர்ல வந்து சரின்னு சொல்லட்டும், போட்டுத் தர்றேன்."

"ஐயோ, அப்படிக் கூப்பிடாதே."

"கூப்பிட்டாச்சு. போயிட்டு வாங்க."

அவர் ஒரு நிமிடம் அவளுக்குப் பின்னால் இருந்த சுவரையே பார்த்தார். பிறகு மெமரி கார்டைக்கூட எடுக்காமல், தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு பனிக்குள் ஓடினார். கிழட்டுப் பைத்தியம் என்று வெர்னா வாய்விட்டே சொன்னாள்.

ஐந்து மணிக்கே வெளியே இருட்டிவிட்டிருந்தது. பனிப்புயல் வருகிறதென்று மருந்துப் பகுதி ஷட்டரை இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். குளிர்பானப் பெட்டியின் முனகலும், தரையில் ஹார்லனின் பூட்ஸ் விட்டுப்போன பனி உருகும் ஈர வாடையும், அதற்கு மேல், வெகுநாள் அணைந்துகிடந்த பெரிய விளக்கை ஏற்றினால் அதன் மீதிருக்கும் தூசி கருகுமே, அந்த வாடையும் கடைக்குள் மெல்லப் பரவிக்கொண்டிருந்தன. ஹீட்டர் தூசி என்று நினைத்துக்கொண்டாள். படங்களை அழிக்கத் திரைக்குத் திரும்பினாள்.

வரிசையின் கடைசியில் புதிதாக ஒரு படம் இருந்தது.

ஹார்லன். இதே கவுண்டருக்கு முன்னால், இப்போது போட்டிருந்த அதே கோட்டில், கெஞ்சும் முகத்தோடு. அருமையான படம். அதன் ஓரத்தில் மங்கலாகத் தெரிந்தது ஒரு பெண்ணின் தோள். வெர்னாவின் தோள். அவளுக்குப் பின்னால் நின்று எடுத்திருக்கிறார்கள்.

அவளுக்குப் பின்னால் சுவர் மட்டும்தான் இருந்தது.

கார்டைப் பிடுங்கக் கை நீட்டும்போதே அடுத்த படம் வந்து விழுந்தது. ஹார்லன், தன் காருக்குள். தலை இருக்கையில் சாய்ந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. கன்னத்தில் பளபளக்கும் வெளிச்சம், கண்ணில் வெளிச்சமே இல்லை.

வெர்னா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவருடைய கார் போகவே இல்லை. வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் அசையவில்லை.

"ஹார்லன்" என்று கத்தினாள். ஓடியிருக்க வேண்டும். ஜன்னலையே பார்த்து நின்றாள். நான்தானே அனுப்பினேன், நான்தானே, என்று மனம் அடித்துக்கொண்டது.

அச்சு இயந்திரம் தானாக உறுமிக் கிளம்பியது. சூடாக ஒரு தாள் தட்டில் விழுந்தது. வெர்னா. ஜன்னலைப் பார்த்து நிற்கும் வெர்னா. பிறந்ததிலிருந்து யாரும் அவளை இப்படி எடுத்ததில்லை. கழுத்துச் சுருக்கம்கூட அழகாயிருந்தது. ஒரு கணம், வெட்கக்கேடு, அவளுக்கு அது பிடித்தது.

கடையின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இடப்பக்கம் மட்டும் மெத்தென்று வெளுத்தது.

சட்டைக் காலரை யாரோ பின்னாலிருந்து நேராக்கினார்கள்.

திரும்பாதே. திரும்பாதே.

நெற்றி மயிரை ஒரு கை ஒதுக்கியது. குளிர்ந்த கை. அது இன்னும் நெற்றியிலேயே இருக்க, இரண்டு விரல்கள் தாடைக்கு அடியில் வந்து, பொறுமையாக, மிகப் பொறுமையாக, அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பின. காலரில் இருந்த கையும் எடுக்கப்படவில்லை.

பிறகு இன்னொரு கை வந்தது. அது அவள் உதட்டின் ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கியது. சிரிக்க வைத்தது. பிடித்துக்கொண்டே இருந்தது.