நாற்பது ரசிகர்களும் ஒரு சோதனை ஓட்டமும்

காதுக்குள் ஹாரன் அலறியது. செவ்வாயின் காற்று மெல்லியது. வெளியே எந்தச் சத்தமும் தூரம் போகாது. அதனால் அங்கே வண்டிகள் நேராகப் பயணிகளின் காதுச்சில்லுக்குள்தான் கூவும். ஹெப்சிபா மீதி இட்லியை வாயில் திணித்து, மூச்சுடையின் கண்ணாடி மூடியைச் சாத்திக்கொண்டு நடைமேடைக்கு ஓடினாள்.

செவ்வாய் ரயில் ரசிகர் மன்றத்தின் மற்ற முப்பத்தொன்பது பேரும், வந்து நின்ற வண்டியைப் பார்த்து ஏற்கெனவே சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். காந்தத் தடத்தில் மிதந்து ஓடும் முதல் பயணிகள் வண்டி அது. நீலம் அடித்திருக்கலாம் என்றது ஒரு கட்சி. சக்கரமே இல்லாததை ரயில் என்று எப்படிச் சொல்வது என்றது இன்னொரு கட்சி.

மன்றச் செயலாளரான ஹெப்சிபாவுக்கு வேறு கவலை. வருடக்கணக்கில் மனு எழுதி அவள் வரவழைத்த வண்டி இது. இன்றைக்குத் தேறாவிட்டால், குடியேற்றச் சபை இந்த வழியைத் தாவுகூண்டுகளுக்குக் கொடுத்துவிடும். தவளை மாதிரி எம்பிப் பறக்கும் கூண்டுகள். தடத்தைப் பெயர்த்து உருக்கிவிடுவார்கள்.

தேர்வு என்னவோ எளிதுதான். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு நாடிவில்லை ஒட்டியிருக்கும். பயணிகள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்பதை அது மகிழ்மானிக்குச் சொல்லும். முள் பாதியைத் தாண்ட வேண்டும். ஆய்வி என்ற பரிசோதனை எந்திரம் அதைப் பார்த்தபடி முன்னிருக்கையில் அமர்ந்திருந்தது. ரயில் பைத்தியங்களையே ஏற்றினால் முள் எகிறிவிடும் என்று ஹெப்சிபா கணக்குப் போட்டிருந்தாள்.

வண்டி கிளம்பியது. முள் கிளம்பவில்லை. ஆட்டமும் இல்லை, தடதடப்பும் இல்லை. மன்றத் தலைவர் துரைக்கண்ணு தன் டீ டம்ளரை வெறுப்போடு பார்த்தார்.

"தளும்பவே மாட்டேங்குது. இதுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில்லயே படுத்திருக்கலாம்."

"வாயை மூடுங்கண்ணே. முள்ளு இன்னும் இறங்குது" என்றாள் ஹெப்சிபா.

மற்றவர்கள் கண்ணுக்குள் பதித்த விழிப்பதிவியால் இருக்கை, கூரை, கதவுக் கைப்பிடி எல்லாவற்றையும் படம் பிடித்து முடித்து, யாருடையது தெளிவு என்று ஒப்பிட ஆரம்பித்திருந்தார்கள். வெளியே செம்மலைகள் வெயிலில் தகதகத்தன. ஒருவரும் திரும்பவில்லை.

கதவுகளைச் சோதிக்க வண்டி பாதி வழியில் நடுமேட்டில் நின்றது. யாரும் இறங்கக் கூடாது என்று ஆய்வி அறிவித்தது. ஹெப்சிபாவுக்குக் கை பரபரத்தது. புது வண்டி முதல்முதலாக நடுமேட்டை விட்டுக் கிளம்பும் காட்சி. இனி ஒருபோதும் கிடைக்காது. மேட்டைத் தாண்டியதும் வரும் வளைவில் நின்று எடுத்தால் முழு வண்டியும் விழும். நாற்பது பேரில் ஒருத்தி குறைந்தால் முள்ளுக்கு என்ன தெரியப்போகிறது? கண்ணாடி மூடியைச் சாத்திக்கொண்டு பின்கதவு வழியாக நழுவி, வளைவில் இருந்த பாறைக்குப் பின்னால் போய்ப் பதுங்கினாள்.

அங்கே துரைக்கண்ணு ஏற்கெனவே குப்புறப் படுத்திருந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா, படத்துல உன் தலை விழுது."

அவள் பதில் சொல்வதற்குள் கதவுகள் மூடின. வண்டி ஒருமுறை கூவியது, செம்புழுதியைக் கிளப்பியபடி வளைந்து, வெயிலில் மின்னிக்கொண்டு அவர்களைக் கடந்து பறந்தது. துரைக்கண்ணுவின் கண்ணில் தண்ணீர். ஹெப்சிபா சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள். அக்கம்பக்கத்துப் பாறைகளின் பின்னாலிருந்தும் விசில் சத்தம் காதுச்சில்லை நிறைத்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் ஒரு தலை. எண்ணிப் பார்த்தாள். மன்றத்தில் ஒருவர் பாக்கியில்லை.

"அண்ணே, உள்ள யாருதான் இருக்கா?"

துரைக்கண்ணு பாறையைச் சுரண்டினார். போச்சு, தடத்தை உருக்கப்போகிறார்கள் என்று ஹெப்சிபா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

காதுக்குள் ஆய்வியின் குரல் நிதானமாக ஒலித்தது.

"வாழ்த்துகள், உங்கள் நாற்பது நாடிவில்லைகளும் அங்கிருந்தே சொன்னதில் முள் உச்சியைத் தொட்டுவிட்டது, வண்டி தேர்ச்சி பெற்றது. ஓர் ஐயம் மட்டும்: இனி தினமும் இதைக் காலியாகவே ஓட்டலாமா?"